திருப்பூர் செக்கிங் கண்ணோடு லண்டன் சாரிட்டி ஷாப்பில்

சாரிட்டி ஷாப்பில், அதாவது தானமாக வந்த பழைய துணிமணிகளை அறக்கட்டளைகள் விற்கிற கடையில், துணிக்கு விலைச் சீட்டு போடுகிறவர் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர். கடையின் பின்கட்டில் மூட்டை மூட்டையாகத் துணி குவிந்திருக்கும். ஒவ்வொரு பீஸையும் விரித்துப் போட்டு, நூல் என்ன, தையல் எப்படி என்று பார்க்க அவருக்கு ஏது நேரம்? கழுத்து லேபிளைப் பார்ப்பார். தெரிந்த பிராண்டு என்றால் 12 பவுண்டு, தெரியாத பெயர் என்றால் 4 பவுண்டு. அதனால்தான் பெயர் பெற்ற பிராண்டின் அக்ரிலிக் ஸ்வெட்டரும், லேபிள் கத்தரித்த சுத்தக் கம்பளி ஸ்வெட்டரும் ஒரே கம்பியில் பக்கத்துப் பக்கத்தில் தொங்க, அக்ரிலிக் மூன்று மடங்கு விலையில் இருக்கும். தொட்டுப் பார்த்தே தரம் சொல்லத் தெரிந்தவருக்கு அந்த 4 பவுண்டு ஸ்வெட்டர் காத்துக்கொண்டிருக்கும்.

நான் கல்யாணத்துக்கு முன்னால் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். காலையிலிருந்து இரவு வரை டியூப் லைட்டுக்குக் கீழே நின்று பீஸைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பதுதான் வேலை. இப்போது வீடு லண்டன் ஈஸ்ட்ஹாமில், வேலை ஒரு பல் டாக்டர் கிளினிக்கின் வரவேற்பு மேசையில். வருகிறவர்கள் முதலில் பார்ப்பது என்னைத்தான், அதனால் தினமும் பளிச்சென்று இருக்க வேண்டும். துணிக்கென்று பெரிய தொகை ஒதுக்க முடியாது. ஆகவே என் அலமாரியில் பாதி சாரிட்டி ஷாப், மீதியில் பெரும்பகுதி பிரைமார்க், எம் அண்ட் எஸ், யூனிக்லோ மாதிரியான ஹை ஸ்ட்ரீட் (கடைத்தெரு) கடை, கொஞ்சம் ஊரிலிருந்து வந்த பெட்டி. இந்த மூன்றையும் கலந்து தினசரிக்கு எப்படி உடுத்துவது என்று கேட்கிற தோழிகளுக்காக இதை எழுதுகிறேன்.

எதைப் பழசாக வாங்கலாம், எதைப் புதுசாக

புதுசாக வாங்கினால் விலை அதிகம், ஆனால் மெதுவாகத் தேயும் என்கிற எல்லாமே பழசாக வாங்க ஏற்றவை: கம்பளி கோட், பிளேசர், ஸ்வெட்டர், கனமான ஜீன்ஸ், ஆண்களின் காட்டன் சட்டை, லெதர் பெல்ட், கம்பளி ஸ்கார்ஃப். ஒரு நல்ல கம்பளி கோட்டை ஒருவர் பத்து வருடம் போட்டுவிட்டுக் கொடுத்தாலும் இன்னும் பத்து வருடம் உழைக்கும். கடையில் புதுசு 150 பவுண்டுக்குக் குறையாத தரம், சாரிட்டி ஷாப்பில் 20, 25-க்குக் கிடைக்கும்.

உடம்போடு ஒட்டியிருப்பதும் சீக்கிரம் தேய்வதும் புதுசாகவே இருக்கட்டும். உள்ளாடை, சாக்ஸ், டைட்ஸ், குளிருக்கு உள்ளே போடும் தெர்மல், லெகிங்ஸ், டி-ஷர்ட். இதில் கூச்சத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. லெகிங்ஸ், டைட்ஸ் போன்றவற்றின் உயிரே அதிலிருக்கும் எலாஸ்டேன் நூல்தான். நாம் லைக்ரா என்று சொல்வோமே, அதுதான். சூட்டிலும் சலவையிலும் அது மெல்ல மெல்லச் செத்துப்போகும். பழைய லெகிங்ஸ் பார்க்க நன்றாக இருந்தாலும் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரத்தில் முட்டியில் பை விழும்.

பாலியஸ்டர் மேல்சட்டைகளையும் நான் பழசாக எடுப்பதில்லை. பாலியஸ்டர் வியர்வை வாடையை எளிதில் விடாது. கடையில் முகர்ந்தால் சோப்பு வாசனைதான் வரும். போட்டுக்கொண்டு டியூப் என்கிற சுரங்க ரயிலில் நெரிசலில் நின்று உடம்பு சூடானதும், முன்பு போட்டவரின் கோடைக்காலம் அக்குளிலிருந்து எழுந்து வரும்.

செருப்பு, ஷூ விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். உள்ளே கையை விட்டுப் பாருங்கள். முந்தையவரின் விரல் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தால் அது உங்கள் காலுக்கு ஆகாது. இன்னொன்று, நுரை மாதிரி லேசான பாலியூரிதேன் அடிப்பாகம் பல வருடம் போடாமல் பெட்டியிலேயே இருந்தால்கூட ஈரக் காற்றுக்கு உள்ளுக்குள் சிதையும். புத்தம் புதுசு போலத் தெரியும், இரண்டாம் நாள் பிளாட்பாரத்தில் துகள் துகளாக உதிரும். கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, ஒட்டுகிற மாதிரியோ பொரிகிற மாதிரியோ இருந்தால் வைத்துவிட வேண்டியதுதான்.

"யாரோ போட்டதையா கண்ணு போட்டுக்கறே? செத்தவங்க துணியா இருந்தா?" என்று அம்மா போனில் கேட்பது உண்டு. மறைப்பதற்கு ஒன்றுமில்லை, சில துணிகள் அப்படித்தான் வரும். பெரியவர் ஒருவர் காலமானதும் பிள்ளைகள் வீட்டைக் காலி செய்து மொத்தமாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நல்ல கம்பளி கிடைப்பதும் அந்த மூட்டைகளில்தான். மனசுக்கு ஒவ்வாதவர்கள் ஸ்கார்ஃப், பெல்ட் என்று ஆரம்பிக்கலாம், அல்லது இந்தப் பக்கமே வராமல் இருக்கலாம். நான் அக்காவின் பாவாடை, சித்தியின் தாவணி, எதிர் வீட்டு அம்மணியின் ஸ்கூல் சட்டை என்று போட்டு வளர்ந்தவள். எனக்குத் துணி துவைத்தால் துணிதான்.

செக்கிங் டேபிளில் பார்ப்பது போல

கம்பெனியில் பீஸைக் கண்டபடி பார்க்க விடமாட்டார்கள். ஒரு வரிசை உண்டு: கழுத்து, தோள், கைக்குழி, கை, சைடு, கீழ் மடிப்பு. மேலிருந்து ஒரு சுற்று. வரிசை மாறினால் கண் ஏதாவது ஒன்றைத் தாண்டிவிடும். சாரிட்டி ஷாப்பிலும் நான் அப்படியே செய்கிறேன், ஒரே ஒரு வித்தியாசத்தோடு: முதலில் உள்பக்கத்தை வெளியே திருப்பிவிடுவேன். துணி எவ்வளவு உழைத்திருக்கிறது என்பது உள்பக்கத்தில்தான் தெரியும்.

கழுத்து ரிப்பை, அதாவது கழுத்தைச் சுற்றியிருக்கும் இழுபடுகிற பட்டையை, இரண்டு விரலால் இழுத்து விடுங்கள். டக்கென்று பழைய இடத்துக்குத் திரும்பினால் சரி. அலை அலையாக நின்றுவிட்டால், என்ன அயர்ன் போட்டாலும் திரும்பாது. ஆண்கள் சட்டையில் காலர் மடிகிற கோடு, கஃப் ஓரம் இரண்டும்தான் முதலில் பிய்யும். அந்தக் கோட்டில் விரலை ஓட்டினால் பூனை மயிர் மாதிரி மெத்தென்று இருந்தால், அடுத்த சில சலவையில் வெள்ளையாகக் கிழியும் என்று அர்த்தம்.

தோளில் பின்னலாடை என்றால் உள்ளே ஒரு டேப் அல்லது மெல்லிய நாடா வைத்துத் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் ஹேங்கரில் தொங்கியும் தோள் தொய்யாது. கைக்குழியில் நிறம் மாறியிருக்கிறதா, விறைப்பாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டியோடரன்ட் படிந்த விறைப்பு போவது கஷ்டம்.

பிறகு சைடு தையல். பின்னல் துணி மேல்சட்டையை இரண்டு தோளிலும் பிடித்துத் தொங்க விடுங்கள். சைடு தையல் நேராக இறங்காமல் முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தால், அது முறுக்கு. நூலிலிருக்கும் முறுக்கு சலவையில் தளர்ந்து துணியையே திருகிவிடும். சிங்கிள் ஜெர்சி என்கிற டி-ஷர்ட் துணியில் இது சாதாரணம். எங்கள் கம்பெனியில் அதற்கென்றே ஒரு பீஸைத் துவைத்து, எவ்வளவு திருகுகிறது என்று அளந்து பார்ப்பார்கள். சாரிட்டி ஷாப்பில் ஒரு வசதி, துணி ஏற்கெனவே பல சலவை பார்த்தது. திருக வேண்டியதும் சுருங்க வேண்டியதும் அநேகமாக முடிந்திருக்கும், நீங்கள் பார்ப்பதுதான் கடைசி உருவம். புதுத் துணியில் இந்த உத்தரவாதம் கிடையாது.

தையலையும் எண்ணிப் பாருங்கள். கட்டை விரலின் அகலம் ஏறக்குறைய ஒரு இன்ச். அந்த அகலத்துக்குள் 10, 12 தையல் இருந்தால் ஒழுங்காகத் தைத்தது. 7, 8 என்றால் அவசரத்தில் ஓட்டியது. இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாக இழுக்கும்போது தையல் பல்லைக் காட்டக் கூடாது.

கடைசியாக வெளிச்சம். கடை விளக்கை நம்பாமல் கண்ணாடிக் கதவுப் பக்கம் கொண்டுபோய், ஸ்வெட்டரை வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடியுங்கள். அந்துப்பூச்சி கடித்திருந்தால் ஊசிமுனை ஓட்டைகள் நட்சத்திரம் மாதிரி தெரியும். ஒன்றிரண்டு என்றால் அதே நிற நூலால் பின்னி அடைக்கலாம். நிறைய இருந்தால் வேண்டாம். பேன்ட் என்றால் உட்காரும் இடமும் தொடையின் உள்பக்கமும். அங்கே துணி மெலிந்திருந்தால் வெளிச்சம் ஊடுருவும். உட்காரும் இடம் கண்ணாடி போல மின்னினாலும் வேண்டாம்.

துணி என்ன என்பது இடது பக்கத் தையலில் உள்ளே இருக்கிற சின்ன லேபிளில் இருக்கும். எதில் எத்தனை சதவீதம் என்று இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்பது இங்கே சட்டம். கம்பளி 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நான் யோசிக்காமல் எடுப்பேன். அக்ரிலிக் முதலில் இருந்தால் யோசிக்காமல் விடுவேன். அது சூடும் குறைவு, மேலே உருண்டை உருண்டையாகத் திரளும். லேபிளைக் கத்தரித்திருந்தால் கைதான் லேபிள். கம்பளியைக் கசக்கிப் பிடித்து விட்டால் மெதுவாகப் பொங்கி எழும், உள்ளங்கையில் ஒரு வெதுவெதுப்பு நிற்கும். அக்ரிலிக் வழவழவென்று இருக்கும், இரண்டு பக்கத்தை உரசினால் சில சமயம் பொறி தெறிக்கும்.

ஆண்கள் பகுதியை விட்டுவிடாதீர்கள். அங்கே ஸ்மால் சைஸ் வாங்க ஆள் குறைவு. மெரினோ என்கிற மென்மையான கம்பளி ஸ்வெட்டர் ஸ்மால் சைஸில் கிடைத்தால் நம் ஊர்ப் பெண்களுக்கு அளவாக இருக்கும். கை மட்டும் ஒரு மடிப்பு.

எந்தப் பகுதிக் கடை என்பதும் முக்கியம். செல்சி, ரிச்மண்ட் பக்கம் பெரிய பிராண்டு வரும், விலையும் அதற்கேற்ற மாதிரி. வயதானவர்கள் நெடுநாளாகக் குடியிருக்கிற சாதாரணப் புறநகர்தான் கம்பளிக்கு நல்லது. நான் பஸ் ஏறி வான்ஸ்டெட், உட்ஃபோர்டு பக்கம் போவேன். ஜனவரியில் எல்லோரும் அலமாரி ஒழிப்பதால் சரக்கு நிறைய வரும்.

அளவு: நம்பரை நம்ப வேண்டாம்

எம் அண்ட் எஸ் தன் துணிகளில் போட்டுவந்த செயின்ட் மைக்கேல் என்ற பழைய லேபிளை 2000-வாக்கில் நிறுத்திவிட்டது. அந்த லேபிளைப் பார்த்தால் துணிக்கு 20 வயதுக்கு மேல் என்று தெரிந்துகொள்ளலாம். அதில் 14 என்று போட்டிருப்பது இன்றைய 12-க்குத்தான் சரியாக வரும், சிலது 10-க்கே. வருடம் போகப் போகக் கடைகள் அதே நம்பருக்குத் துணியைப் பெரிதாக்கிக்கொண்டே வந்திருக்கின்றன. சாரிட்டி ஷாப்பில் எல்லாக் காலத்து நம்பரும் கலந்து தொங்கும், கூடவே ஐரோப்பிய நம்பரும். இங்கே 12 என்றால் அங்கே பெரும்பாலும் 40.

வீட்டில் உங்களுக்கு நன்றாகப் பொருந்துகிற சட்டை, பேன்ட், கோட் ஒவ்வொன்றைத் தரையில் விரித்து அளந்து, போனில் குறித்து வையுங்கள். மார்பு (ஒரு கைக்குழியிலிருந்து மறு கைக்குழி வரை), தோள், கை நீளம், மொத்த நீளம், இடுப்பு, பேன்ட்டின் முன் உயரம் (கவட்டிலிருந்து இடுப்பு வரை). இன்ச் டேப் கைப்பையிலேயே கிடக்கட்டும். பழைய துணி விற்கிற வின்டெட் மாதிரி ஆன்லைனில் வாங்கும்போதும் விற்பவரிடம் இந்த அளவுகளையே கேட்கலாம்.

எதை ஆல்டர் செய்யலாம் என்பதற்கு ஒரே விதி: தோள் சரியாக இருக்க வேண்டும். பிளேசர், கோட் இரண்டிலும் தோளைத் திருத்துவது என்றால் கையை முழுக்கப் பிரித்து மாட்ட வேண்டும், கூலி கோட்டின் விலையைத் தாண்டும். கை நீளம், சைடு பிடிப்பது, கீழே மடித்து எம்மிங் அடிப்பது, இடுப்பில் டாட் பிடிப்பது எல்லாம் எளிது. ஈஸ்ட்ஹாமில் பிளவுஸ் தைக்கிற கடைகளிலேயே செய்து தருவார்கள். வாங்கும்போதே ஆல்டரேஷன் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். டிரை கிளீன் மட்டும் என்று போட்ட கோட்டுக்கு அந்தச் செலவும் உண்டு.

ஹை ஸ்ட்ரீட்டில் புதுசு வாங்கும்போது

இங்கே என் அளவுகோல் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில். கடையில் யாரும் எழுதிப் போட மாட்டார்கள், கையால்தான் பார்க்க வேண்டும். 140 ஜிஎஸ்எம் டி-ஷர்ட் வெயிலுக்கு மட்டும்தான். 180 வந்தால் தனியாகவும் போடலாம், பிளேசருக்கு உள்ளேயும் நிற்கும். வெள்ளை டி-ஷர்ட்டுக்குள் கையை விட்டு விரலை விரியுங்கள். விரல்களைப் பிரித்து எண்ண முடிந்தால் அது 140 பக்கம். நகத்தின் நிறம்கூடத் தெரிந்தால் தொங்கவிட்டுவிட்டு நகருங்கள். விலை குறைந்த கடையிலும் கனமான துணி கிடைக்கும், விலை கூடிய கடையிலும் மெல்லியது இருக்கும். ஒரே கடையில், ஒரே அலமாரியில் இரண்டும் இருக்கும்.

உயரம் குறைவானவர்களுக்கு ஒரு யோசனை. இந்த நாட்டில் பெரியவர்கள் துணிக்கு 20 சதவீதம் வாட் வரி உண்டு, சிறு பிள்ளைகள் துணிக்கு இல்லை. 14 வயதுக்குக் கீழ் என்பது கணக்கு. 13 வயது அளவு வெள்ளைச் சட்டை, ஸ்வெட்ஷர்ட், ரெயின் கோட் எல்லாம் என் நாத்தனாருக்குக் கச்சிதமாக வரும். அவள் பெண்கள் பகுதிக்குப் போவதே இல்லை.

சேலை எடுக்கிற மாதிரி ஜோடி சேர்ப்பது

துணி எடுப்பதில் சமர்த்தாக இருந்துவிட்டு, காலையில் அலமாரி முன்னால் "போட ஒன்றுமே இல்லை" என்று நிற்பவர்கள் நிறைய. ஒவ்வொன்றும் தனித்தனியாக நன்றாக இருக்கும், ஒன்றோடொன்று சேராது. இதற்கு நமக்குத் தெரிந்த வழி ஒன்று இருக்கிறது. சேலை எடுக்கும்போது உடல், பார்டர், பிளவுஸ் என்று மூன்றாகப் பார்க்கிறோம் இல்லையா? அதையே பேன்ட், கோட்டுக்கும் கொண்டுவாருங்கள்.

உடல் என்பது பெரிய பரப்பு: கோட், பிளேசர், பேன்ட். இவை அதிகமும் பழசாக வருபவை, எப்போது எது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அதனாலேயே நிறத்தில் பிடிவாதம் வேண்டும். இரண்டு அமைதியான நிறங்களை எடுத்துக்கொண்டு மற்றதை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிட வேண்டும். எனக்கு நேவி புளூவும் சாம்பலும். கறுப்பை நான் எடுக்கவில்லை, பழைய கறுப்பு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வெளுத்திருக்கும். ஒன்று பச்சையோடும் இன்னொன்று பழுப்போடும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரவல் வாங்கின மாதிரி இருக்கும். நேவியிலும் இந்தச் சிக்கல் உண்டு, ஆனால் மேலே நேவி, கீழே சாம்பல் என்று மாற்றிப் போட்டால் தீர்ந்தது.

பார்டர் என்பது அடிக்கிற நிறம், கொஞ்சமாக: ஸ்கார்ஃப், சாக்ஸ், பெல்ட், கைப்பை, ஸ்வெட்டருக்கு வெளியே எட்டிப் பார்க்கிற காலர். அரக்கு, மாம்பழ மஞ்சள், எம்.எஸ். சுப்புலட்சுமி புளூ, வாடாமல்லி. நம் தோல் நிறத்துக்கு எது எடுக்கும் என்று சேலைக் கடைக் கண்ணாடி ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருக்கிறது. இங்கே கடைகளில் நிறைய வருகிற வெளிர் பீஜ், ஓட்ஸ் கஞ்சி நிறம் எல்லாம் முகத்துக்குப் பக்கத்தில் வந்தால் காய்ச்சலில் படுத்து எழுந்த மாதிரி ஆகிவிடும். ஒரு நாளைக்கு ஒரு பார்டர் நிறம், அதை இரண்டு இடத்தில் காட்டினால் போதும். மஞ்சள் ஸ்கார்ஃப், மஞ்சள் சாக்ஸ்.

பிளவுஸ் என்பது உள்ளே போடும் புதுசு: வெள்ளை டி-ஷர்ட், க்ரீம் சட்டை, கழுத்தை மூடுகிற மெல்லிய போலோ நெக். இது உடலோடும் பார்டரோடும் சண்டை போடாமல் இருந்தால் சரி.

லண்டனில் இன்னொரு தொல்லை, ஒரே நாளில் மூன்று பருவம். பிளாட்பாரத்தில் குளிர், ரயிலுக்குள் வேர்வை, கிளினிக்கில் ஹீட்டர். ஒவ்வொரு அடுக்கையும் கழற்றும்போது அடுத்தது வெளியே காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். தெர்மலை மட்டும் உள்ளே போட்டு மேலே ஸ்வெட்டர் போட்டுவிட்டு, மத்தியானம் கழற்ற முடியாமல் புழுங்குகிறவர்கள் ஏராளம்.

என் வாரம் ஏறக்குறைய இப்படிப் போகும். வாரத் துவக்கத்தில் கொஞ்சம் கெத்து வேண்டும், அதனால் சாரிட்டி ஷாப் நேவி கம்பளி பிளேசர், உள்ளே 180 ஜிஎஸ்எம் வெள்ளை டி-ஷர்ட், சாம்பல் பேன்ட், அரக்கு சாக்ஸ், கறுப்பு லோஃபர். பிளேசர் ஆண்களுடையது, சைடு மட்டும் பிடித்திருக்கிறேன். மழை நாளில் ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் மாலை வரை காயாது. மெல்லிய பாலியஸ்டர் கலந்த பேன்ட், அது புதுசு, மேலே மெரினோ ஸ்வெட்டர், ரெயின் கோட், டிரெய்னர் ஷூ.

வெள்ளிக்கிழமை குர்தா. ஊரிலிருந்து எல்லோரும் பெட்டி நிறைய குர்தா கொண்டுவந்துவிட்டு, இங்கே கோட்டுக்குள் அது அசிங்கமாகத் தெரிகிறது என்று போடுவதில்லை. காரணம் நீளம். கோட் தொடையில் முடிந்து, குர்தா முட்டியில் முடிந்து, கீழே லெகிங்ஸ் என்றால் படிக்கட்டு மாதிரி கோடு கோடாகத் தெரியும். இதற்கு இரண்டு வழி. கோட்டைக் குர்தாவைவிட நீளமாக எடுங்கள்; முட்டி வரை குர்தா என்றால் 42 இன்ச் நீளக் கோட், குர்தாவைக் கையோடு கொண்டுபோய்ச் சாரிட்டி ஷாப்பில் வைத்துப் பார்த்தே வாங்கலாம். இல்லையென்றால் குர்தாவை இடுப்புக்குக் கீழே ஒரு சாண் அளவுக்கு வெட்டி மடித்துத் தைத்து, ஜீன்ஸ் மேல் சட்டையாகப் போடுங்கள். வெட்டிய துணியில் ஒரு தலைமுடிப் பட்டையும் தேறும்.

குளிரில் சேலை கட்டுவதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கேள்வி வரும். பொங்கல் ஜனவரியில் வருகிறது, மேனர் பார்க் முருகன் கோயில் வரைக்கும் பட்டுப் பிளவுஸோடு நடக்க முடியாது. பிளவுஸுக்குப் பதில் உடம்போடு ஒட்டிய மெல்லிய போலோ நெக் தெர்மல். பாவாடைக்குள் ஃப்ளீஸ் வைத்த டைட்ஸ், காலில் கணுக்கால் வரை பூட்ஸ். சேலையை வழக்கத்தைவிட இரண்டு விரல் தூக்கிக் கட்டினால் ஓரம் நனையாது. வழுக்குகிற பட்டைவிடக் கஞ்சி போடாத காட்டன் இதற்கு நல்லது. என்னிடம் ஒரு நெகமம் காட்டன் இருக்கிறது, சாம்பல் உடல், அரக்கு பார்டர். அதற்கு அரக்கு போலோ நெக், மேலே பழைய நேவி கோட். முந்தானையைக் கோட்டுக்கு வெளியே தொங்கவிடாமல் முன்னால் சுற்றிக் கொண்டுவந்து ஸ்கார்ஃப் மாதிரி கழுத்தில் போட்டு, அதற்குமேல் கோட் பட்டனைப் போட்டால் நெஞ்சுக்குச் சூடு, எஸ்கலேட்டரில் சிக்கும் பயமும் இல்லை.

வீட்டுக்காரருக்குப் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இரண்டு பழைய ஆக்ஸ்ஃபோர்டு காட்டன் சட்டை, ஒரு நேவி ஸ்வெட்டர், புது சினோஸ் (காட்டன் பேன்ட்), முடிந்தது. பிள்ளைகளுக்கு யூனிஃபார்மைப் பள்ளியிலேயே கேளுங்கள். 2021-இல் வந்த யூனிஃபார்ம் செலவுச் சட்டத்தையொட்டி இங்கிலாந்தில் வெளியான வழிகாட்டலின்படி, பழைய யூனிஃபார்ம் கிடைக்க வழி செய்ய வேண்டியது பள்ளியின் பொறுப்பு.

வீட்டுக்கு வந்ததும்

கம்பளி எதுவாக இருந்தாலும் அலமாரிக்கு நேராகப் போகக் கூடாது. பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள், அந்துப்பூச்சியின் முட்டையும் புழுவும் சாகும். எங்கள் ஃப்ரீசரில் துருவின தேங்காய்க்கும் கறிவேப்பிலைக்கும் பக்கத்தில் எப்போதும் ஒரு ஸ்வெட்டர் கிடக்கும், விருந்தாளிகள் இப்போது கேட்பதையே விட்டுவிட்டார்கள். பிறகு, டிரை கிளீன் மட்டும் என்று போடாததைக் கம்பளிக்கான சோப்பு நீரில் வெதுவெதுப்புக்குக் கீழே அலசி, பிழியாமல் டவலில் சுருட்டி அழுத்தி, தட்டையாகப் போட்டுக் காயவைக்க வேண்டும். சுடுநீரில் போட்டால் குழந்தை சைஸுக்குச் சுருங்கும், திரும்ப வராது. காட்டனுக்கு இந்தச் சம்பிரதாயம் ஒன்றும் வேண்டாம், 40 டிகிரியில் மெஷினில் போட்டால் போதும். உருண்டைகளைத் துணி ஷேவர் வைத்து எடுத்து, பட்டனை மட்டும் மாற்றிவிட்டால் பழைய கோட்டை யாரும் பழசு என்று சொல்லமாட்டார்கள். பட்டனில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அலமாரி நிரம்பினால் நாமும் கொடுக்க வேண்டும். நீங்கள் இங்கே வருமான வரி கட்டுகிறவர் என்றால், கொடுக்கும்போது கிஃப்ட் எய்டு படிவத்தில் பெயர் எழுதுங்கள். உங்கள் துணி விற்ற ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசாங்கத்திடமிருந்து அறக்கட்டளைக்கு 25 பென்ஸ் கூடுதலாகப் போகும், உங்களுக்குச் செலவில்லை. கிழிந்தது, சாயம் போனது எல்லாம் விற்பனைக்கு ஆகாது, ஆனால் பல கடைகள் அவற்றைத் துணி மறுசுழற்சிக்காரர்களுக்கு எடைக்குப் போடும். வாங்கிக்கொள்வார்களா என்று முதலில் கேட்டு, தனிப் பையில் கட்டி, மேலே "கிழிசல்" என்று எழுதிக் கொடுத்தால் பின்கட்டில் பிரிக்கிற தன்னார்வலருக்கு ஒரு வேலை மிச்சம்.